கொலைத்தண்டனை

சட்ட நூல்களும் செய்தித்தாள்களும் 'மரண தண்டனை' என்று குறிப்பிடுவதைத் தமிழில் 'கொலைத்தண்டனை' என்று எழுதுவதே தகும். 'மரணம்' என்பது இறத்தலைக் குறிக்கும் வடமொழி வினையடியிலிருந்து வந்தது; 'தண்டனை' என்பது கோல், தடி எனப் பொருள்படும் 'தண்டம்' என்பதன் வழிவந்தது. தனித்தமிழில் எழுதுவோர் 'சாவொறுப்பு' என்பர். ஆயினும் மரணமும் சாவும் எல்லா உயிர்க்கும் தாமே நேர்வன. இங்கோ, கட்டுண்டு நிற்கும் ஒருவரின் உயிரை அரசு நாள் குறித்து, ஆள் அமர்த்திப் பறிக்கிறது. அச்செயலை மறைக்கும் சொல் நமக்கு வேண்டாம்.

'தூக்குத்தண்டனை' இதற்கு முழுமையான மாற்று ஆகாது; சுடுதல், தலைவெட்டுதல், நஞ்சூசி போடுதல் எனப் பல முறைகள் இருக்க, அது ஒன்றை மட்டுமே சுட்டுகிறது. ஆங்கில வழக்கான 'கேப்பிட்டல் பனிஷ்மென்ட்' தலையைக் குறிக்கும் 'கபுட்' என்ற இலத்தீன் சொல்லின் வழிப் பிறந்தது.

நம் முன்னோர் இச்செயலைக் கொலை என்று சொல்லத் தயங்கவில்லை. 550ஆம் குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், அரசன் கொடியவர்களைக் கொலையால் ஒறுத்தலைக் களையெடுப்புக்கு ஒப்பாகக் கொள்கிறார். அதை ஏற்றுக்கொண்டவரே அதன் பெயரை மாற்றவில்லை என்பது கருதத்தக்கது. சிலப்பதிகாரத்தில் பாண்டியனும் 'கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று' என்றே கண்ணகியிடம் வாதிடுகிறான். கோறல் என்றால் கொல்லுதல். சிலம்பினுள் இருந்தது முத்தன்று, மாணிக்கம் என்று தெரிந்தபோது, தீர்ப்பைத் திருத்த அவனிடம் எவ்வழியும் எஞ்சியிருக்கவில்லை.

இத்தண்டனையை ஒழிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலிய காரணம் எனக்குத் தெரியவில்லை. தன் குழந்தையைக் கொன்றதாக 1950இல் இலண்டனில் தூக்கிலிடப்பட்ட திமோத்தி எவான்சுக்கு, அதே வீட்டில் குடியிருந்த வேறொருவர் தொடர்கொலைகாரர் என்று வெளிப்பட்ட பிறகு, 1966இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. சிறையிலிருப்பவரை விடுவிக்கலாம், இழப்பீடும் தரலாம். புதைக்கப்பட்டவருக்கு அந்த மன்னிப்பால் ஆவது என்ன? கொலையை வெறுக்கும் சட்டம் தானே கொலை செய்வது முரண் என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764இலேயே வாதிட்டார். 1786இல் இத்தாலியப் பகுதியான தசுக்கனியின் அரசு தன் சட்டத்திலிருந்து இத்தண்டனையை நீக்கியது.

'கொலைத்தண்டனை' என்ற சொல்லை ஒட்டி வரும் 'ஒழிப்பு', 'நிறுத்திவைப்பு' ஆகிய இரண்டையும் ஒன்றாகக் கருதுதல் கூடாது. ஐ.நா. பொதுச்சபை 2007இல் உறுப்பு நாடுகளிடம் கோரியது ஒழிப்பை நோக்கிய நிறுத்திவைப்பு. 1989இல் அச்சபை ஏற்ற பன்னாட்டு நெறிமுறையோ, அதில் இணையும் நாடுகளுக்கு ஒழிப்பையே கடமையாக்குகிறது. நிறுத்திவைப்பில் தண்டனை சட்டத்தில் இருந்துகொண்டே இருக்கும். அடுத்து வரும் ஆட்சி விரும்பினால் மறுநாளே அதை நிறைவேற்றலாம்.