கஞ்சமலை இரும்பு என்சைம் வேலை பார்க்குமா?

சேலம் மாவட்டம் இளம்பிள்ளை பக்கத்துல இருந்து ஒரு காலேஜ் தம்பி கேட்டிருக்காரு, "கஞ்சமலை கல்லுக்கு நோய் தீர்க்குற சக்தி இருக்குன்னு ஊர்ல சொல்றாங்களேண்ணா, அதுல சயின்ஸ் ஏதாவது இருக்கா?"ன்னு. கல்லை உரசினா நோய் தீராது, அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா அந்த மலையில இருக்குற மேக்னடைட், காந்தம் இழுக்குற அந்தக் கறுப்பு இரும்புத்தாது, அதையே லேப்ல நானோ துகளா செஞ்சா என்சைம் வேலை பார்க்குது, அதாவது நம்ம உடம்புல வேதிவினைகளை வேகப்படுத்துற புரதம் மாதிரி. 2007ல சீனாவுல யான் ஷியுன் குழு இதைச் சொன்னப்போ பலருக்கும் ஆச்சரியம், ஏன்னா அதுவரைக்கும் அது எதோடயும் வினை புரியாத ஜடம்னுதான் நினைச்சிருந்தாங்க.

பெராக்சிடேஸ்னு ஒரு என்சைம், ஹைட்ரஜன் பெராக்சைடை வச்சு டிஎம்பிங்குற நிறமில்லாத பொருளை நீலமாக்கும், மேக்னடைட் துகளும் அதையே செஞ்சுச்சு.

எப்படின்னா, மேக்னடைட்ல மூணு இரும்புக்கு ஒண்ணு ஃபெர்ரஸ், ரெண்டு ஃபெர்ரிக் (ஃபெர்ரஸ்ல ஒரு எலக்ட்ரான் கூடுதல், அதைக் கொடுத்துட்டா அது ஃபெர்ரிக்). மேற்பரப்புல இருக்குற ஃபெர்ரஸ் ஒரு எலக்ட்ரானை பெராக்சைடுக்குக் கொடுத்து அதை உடைக்கும், ஹைட்ராக்சில் ரேடிக்கல்னு எதையும் சட்டுனு தாக்குற ஒண்ணு வரும், அதுதான் டிஎம்பியை நீலமாக்குது. கொடுத்த இரும்பு ஃபெர்ரிக்கா மாறிடுச்சு, அப்போ வேலை நின்னுடணுமே? நிக்கல! கட்டட வேலையில செங்கல்லைக் கைமாத்தி மேல ஏத்துவாங்கல்ல, அப்படி உள்ள இருக்குற ஃபெர்ரஸ் இரும்பு தன் எலக்ட்ரானை இரும்பு, ஆக்சிஜன், இரும்புன்னு வரிசையா வெளிய அனுப்புது, மேற்பரப்பு மறுபடி வேலைக்குத் தயாராகுது. 2022ல வந்த ஆய்வு இதைக் காட்டுச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான், மேல நடக்குற வேலைக்கு அடிவயித்துல இருந்து சப்ளை. கடைசியில துகள் மொத்தமும் ஃபெர்ரிக் மட்டுமே இருக்குற மேக்ஹமைட்டுங்குற இரும்பு ஆக்சைடா மாறி சக்தி குறைஞ்சிடும். வினையூக்கி தான் மாறாதுன்னு ஸ்கூல்ல படிச்சது இங்க முழுசா பொருந்தல.

புரத என்சைம் சூட்டுல கெட்டுடும், இது சேலம் வெயிலுக்கெல்லாம் அசராது, வேலை முடிஞ்சதும் காந்தம் வச்சு எடுத்துக்கலாம். 2015ல இதை வச்சு செஞ்ச எபோலா டெஸ்ட் ஸ்ட்ரிப், வழக்கமான தங்கத் துகள் ஸ்ட்ரிப்பை விட 100 மடங்கு நுணுக்கமா கண்டுபிடிச்சுச்சு. குறையும் உண்டு, அமிலத்தன்மை இருந்தாதான் நல்லா ஓடும், நிஜ என்சைம் மாதிரி ஆள் பார்த்துப் பிடிக்கத் தெரியாது. அந்த ரேடிக்கல் செல்லையும் தாக்கும், அதனால காந்தக் காப்பு, கல்லுப் பொடின்னு விக்கிறவங்ககிட்ட தயவுசெஞ்சு காசு கொடுக்காதீங்க.

இதைச் செய்ய ஃபெர்ரஸ் உப்பு, ஃபெர்ரிக் உப்பு, அம்மோனியா போதும். இவ்வளவு மலிவான ஆராய்ச்சிக்குக்கூட மாவட்டக் காலேஜ்களுக்கு நிதி வந்து சேர மாட்டேங்குதுங்கிறது எனக்கு உண்மையிலேயே வருத்தம். தம்பி கெமிஸ்ட்ரி படிக்கிறவர்னா ப்ராஜெக்டுக்கு இதையே எடுங்க, ஒரே துகளைத் திரும்பத் திரும்பப் போட்டு எத்தனாவது சுத்துல நீலம் மங்குதுன்னு பாருங்க.