கருவிழியில் எந்த அடுக்கை மாற்றுகிறார்கள்? பிரிட்டனில் நடந்த பெரிய மாற்றம்

பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையில் ஒருவருக்குக் கருவிழி (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலமான கார்னியா) மாற்று அறுவை நடந்தால், அது மருத்துவமனைக் கோப்போடு முடிந்துவிடுவதில்லை. நோய் என்ன, எந்த முறையில் அறுவை நடந்தது, பிறகு பொருத்திய திசு, அதாவது ஒட்டு, தாக்குப்பிடித்ததா என்ற விவரங்கள் தேசியப் பதிவேட்டில் சேர்கின்றன. 1999 முதல் 2009 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. கருவிழியை முழுத் தடிமனில் வெட்டி மாற்றும் பழைய முறை குறைந்துகொண்டே வந்தது. கெட்டுப்போன அடுக்கை மட்டும் மாற்றும் முறைகள் வேகமாக ஏறின. அந்தப் போக்கு பிறகும் திரும்பவில்லை.

இது ஏன் நடந்தது என்று புரிய, கருவிழி எப்படித் தெளிவாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதன் நடுப்பகுதி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் ரத்தக்குழாய் கிடையாது. தடிமனில் பெரும்பகுதி ஸ்ட்ரோமா என்ற நார் அடுக்கு. அந்த நார்கள் ஒழுங்கான இடைவெளியில் அடுக்கப்பட்டிருப்பதால் ஒளி சிதறாமல் ஊடுருவுகிறது. ஆனால் ஸ்ட்ரோமா கண்ணுக்குள் இருக்கும் திரவத்தை விடாமல் உறிஞ்சும் இயல்புடையது. நீர் கோத்தால் நார்கள் விலகிக் கருவிழி மங்கிவிடும். அப்படி ஆகாமல் காப்பது பின்பக்கம் உள்ள எண்டோதீலியம். ஒரே ஒரு செல் தடிமனுள்ள இந்த அடுக்கு, உள்ளே வரும் நீரை ஓயாமல் வெளியே இறைக்கிறது. வளர்ந்தவர்களின் கண்ணில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2500 முதல் 3000 செல்கள் இருக்கும். செத்த செல்லுக்குப் பதில் புதியது பிறப்பதில்லை. பக்கத்தில் உள்ளவை விரிந்து இடத்தை நிரப்பும். எண்ணிக்கை 500 அளவுக்கு இறங்கினால் இறைப்பு போதாமல் போகிறது.

ஃபூக்ஸ் என்ற கருவிழி நோயில் நடப்பது இதுதான். நடுவயதைத் தாண்டியவர்களிடம், அதிலும் பெண்களிடம், கூடுதலாக வரும். தூங்கும்போது இமை மூடியிருப்பதால் நீர் ஆவியாகாது; அதனால் காலையில் பார்வை மங்கலாக இருந்து, பகலில் சற்றுத் தெளியும். கூம்புக் கருவிழி நோய் இதற்கு நேர் எதிர். அது இளவயதில் வரும். ஸ்ட்ரோமா மெலிந்து முன்னோக்கிப் புடைக்கும். எண்டோதீலியம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

இந்த இரண்டுக்கும் நெடுங்காலம் ஒரே வைத்தியம்தான். 1905 டிசம்பரில், இன்றைய செக் நாட்டிலுள்ள ஓலோமோட்ஸ் ஊரில், சுண்ணாம்பு பட்டுப் பார்வை இழந்த ஒரு கூலித்தொழிலாளிக்கு எட்வர்ட் சிர்ம் முதன்முதலாக வெற்றிகரமாகக் கருவிழியை மாற்றினார். அதன்பின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு, கருவிழியின் நடுவில் முழுத் தடிமனுக்கும் வட்டமாக வெட்டியெடுத்துக் கொடையாளரின் வட்டத்தை வைத்துத் தைப்பதே வழக்கம். தையல்கள் ஓராண்டுக்கு மேலும் கண்ணில் இருக்கும். அவை இழுக்கும் இழுப்பில் பரப்பு கோணலாகி, கனமான கண்ணாடி தேவைப்படும். பல ஆண்டுகள் கழித்துக்கூட ஒரு பலத்த அடி பட்டால் அந்த வடு பிளக்கலாம். ஃபூக்ஸ் நோயாளிக்குக் கெட்டிருந்ததோ பின்பக்கத்தில் சில மைக்ரான் மட்டுமே! அதற்காக மொத்தக் கண்ணையும் திறந்து தைத்தோம் என்பது இன்று யோசித்தால் மலைப்பாக இருக்கிறது. அன்று வேறு வழி இல்லை.

வழியைத் திறந்தவர் நெதர்லாந்தின் கெரிட் மெல்லஸ். பின்பக்க அடுக்கைத் தையலின்றி ஒட்டும் முறையை 1998இல் வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் டிஎம்இகே என்ற அறுவை முறை. கொடைக் கருவிழியிலிருந்து எண்டோதீலியத்தையும், அது ஒட்டியிருக்கும் டெசிமே என்ற மெல்லிய சவ்வையும் மட்டும் உரித்தெடுக்கிறார்கள். 10 முதல் 15 மைக்ரான் தடிமனுள்ள அந்தச் சவ்வு, எடுத்தவுடன் பாய் சுருள்வதுபோல் தானாகச் சுருண்டுகொள்ளும். சாயமிட்டு, சிறு துளை வழியே கண்ணுக்குள் செலுத்தி, கருவிழியின் மேல் தட்டித் தட்டி விரித்து, அடியில் காற்று அல்லது வாயுக் குமிழி ஒன்றை விடுகிறார்கள். நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். குமிழி மேலே அழுத்த, சவ்வு ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் செல்கள் இறைக்கத் தொடங்கிவிடும்.

லாபம் தையல் இல்லாததோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஒரே குழு செய்த ஒப்பீட்டில், இரண்டு ஆண்டுகளுக்குள் உடல் ஒட்டை நிராகரிக்கும் வாய்ப்பு, முழுத் தடிமன் முறையில் 18 சதவீதம். டிஎம்இகே முறையில் 1 சதவீதம். சென்னைக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. நாட்டிங்ஹாம் பேராசிரியர் ஹர்மிந்தர் துவா, டெசிமே சவ்வுக்கு முன்னால் வலுவான மெல்லிய அடுக்கு ஒன்று இருப்பதாக 2013இல் விவரித்தார். அதையும் சேர்த்து எடுத்தால் சவ்வு அவ்வளவாகச் சுருளாது. அவரும் சென்னை மருத்துவர் அமர் அகர்வாலும் சேர்ந்து அந்த முறையை 2014இல் வெளியிட்டார்கள்.

கூம்புக் கருவிழிக்கு மாறான உத்தி: முன்பக்க ஸ்ட்ரோமாவை மட்டும் மாற்றி, நோயாளியின் சொந்த எண்டோதீலியத்தை விட்டுவைப்பது. ஆனால் புதியது என்பதாலேயே எதுவும் சிறந்ததாகிவிடாது. 2009இல் வெளியான பிரிட்டன் பதிவேட்டு ஆய்வில், இந்த முறையில் ஒட்டு தோற்கும் அபாயம் முழுத் தடிமன் முறையைவிட ஏறக்குறைய இரு மடங்கு இருந்தது. கை பழகும்வரை கொடுக்கும் விலை அது. கைதேர்ந்த சில நிபுணர்களின் வெற்றிக்கணக்கை மட்டும் படித்திருந்தால் இது தெரியவே வந்திருக்காது. எல்லா மருத்துவமனைகளையும் எண்ணும் பதிவேட்டின் அருமை இங்கேதான்.

இன்னொரு சிகிச்சை, மாற்று அறுவையையே தள்ளிப்போடுகிறது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் உருவான இந்த முறையில், ரிபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமின் சொட்டுகளை விட்டுப் புறஊதா ஒளி பாய்ச்சி, ஸ்ட்ரோமா நார்களுக்கிடையே கூடுதல் பிணைப்புகளை உண்டாக்குகிறார்கள். புடைப்பு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. சிகிச்சைகளை மதிப்பிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013இல் இதற்குப் பச்சைக்கொடி காட்டியது.

ஃபூக்ஸ் நோய்க்கான அறுவைகள் ஏறியதை மட்டும் பார்த்து நோய் பெருகிவிட்டது என்று முடிவுகட்டினால் தவறு. மக்களின் வயது கூடியது ஒரு காரணம். சிகிச்சை எளிதானது இன்னொரு பெரிய காரணம். முன்பு பார்வை வெகுவாகக் குன்றும்வரை பொறுத்திருந்தார்கள். இப்போது காலை மங்கல் தொல்லை தந்தாலே அறுவை பற்றிப் பேசலாம்.

அதற்குக் கண்கள் வேண்டுமே. பிரிட்டனின் கண் வங்கிகள் கருவிழியை 34 டிகிரி செல்சியஸில் வளர்ப்புத் திரவத்தில் நான்கு வாரம் வரை வைக்கின்றன. எண்டோதீலிய செல்களை எண்ணிப் பார்த்த பிறகே வெளியே அனுப்புகின்றன. இறந்து 24 மணி நேரத்துக்குள் எடுத்தால் போதும். பல வகைப் புற்றுநோய் இருந்தவர்களும் கொடுக்கலாம். இருந்தும் இருப்பு போதவில்லை. இதயம், சிறுநீரகம் கொடுக்கப் பதிவுசெய்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் கண்ணை மட்டும் வேண்டாம் என்கிறார். முகம் உருக்குலையும் என்ற பயம் பலருக்கு. கண்ணை எடுத்த பின் தோற்றம் மாறாதபடி கவனமாகச் சரிசெய்கிறார்கள் என்பதை அவர்களிடம் யாராவது பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

ஜப்பானின் கியோட்டோவில் ஷிகேரு கினோஷிதா குழு, கொடையாளரின் எண்டோதீலிய செல்களை ஆய்வகத்தில் பெருக்கி ஊசியால் கண்ணுக்குள் செலுத்தியது. நோயாளி சில மணி நேரம் குப்புறப் படுத்திருந்தால் செல்கள் கருவிழியில் படிந்து ஒட்டிக்கொள்கின்றன. 11 நோயாளிகளின் முடிவுகள் 2018இல் வந்தன. 2023இல் ஜப்பான் அரசு இத்தகைய செல் சிகிச்சைக்கு ஒப்புதல் தந்தது. இதில் ஒரு கொடையாளரின் கண் பல பேருக்குப் போதும். இது பிரிட்டனில் வழக்கத்துக்கு வந்தால், ஒரு கண்ணுக்கு ஒரு நோயாளி என்று எண்ணி வந்த பதிவேடு தன் கணக்கு முறையையே மாற்ற வேண்டியிருக்கும்.