கிளாமர்: சொல் வந்த வழியும் தமிழில் அதற்கு ஈடும்

கிளாமர் (பெயர்ச்சொல்): பார்ப்பவரைச் சொக்கவைக்கும்படி திட்டமிட்டு உண்டாக்கிய பொலிவு. தமிழில் நெருங்கி வருபவை வசீகரம், மாயப்பொலிவு. நம் சினிமாச் செய்திகளில் வழங்கும் 'கவர்ச்சி' பாதிதான் பொருந்தும்.

கிரேக்கத்தில் 'கிரம்மா' என்றால் எழுத்து. இலக்கணத்தைக் குறிக்கும் 'கிராமர்' அதிலிருந்து வந்தது. இடைக்கால ஐரோப்பாவில் அது ஏட்டுக் கல்வி முழுவதையும் குறித்தது. எழுத்தறிந்தவர் அரிதாக இருந்த காலத்தில், ஏடு வைத்திருப்பவனுக்கு மந்திரமும் கைவரும் என்று ஊரார் நம்பினார்கள். ஸ்காட்லாந்துக்காரர் நாவில் ரகரம் லகரமாகத் திரிந்து 'கிளாமர்' ஆனபோது, மந்திரம் என்ற பொருள் மட்டுமே அதில் தங்கியது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவிஞர் ஆலன் ராம்சே இதற்குப் பொருள் எழுதிவைத்தார்: பேய்களும் சூனியக்காரரும் செப்பிடுவித்தைக்காரரும் பார்வையை ஏமாற்றினால், பார்ப்பவர் கண்மேல் 'கிளாமர்' போட்டார்கள் என்பது வழக்கு. அடுத்த நூற்றாண்டில் வால்டர் ஸ்காட் தம் கவிதைகள் வழியே அச்சொல்லை ஆங்கிலம் முழுவதற்கும் பரப்பினார்.

தமிழருக்கு இந்தப் பொருள்மாற்றம் புதிதல்ல. 'வித்தை' கல்வியையும் குறிக்கும், கண்கட்டு வித்தையையும் குறிக்கும். 'ஓதுதல்' பாடத்துக்கும் உண்டு, மந்திரத்துக்கும் உண்டு. ராம்சே சொன்ன பழைய பொருளுக்கு 'கண்கட்டு' என்பதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் கிடைக்காது.

1930களில் ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் இந்தச் சொல்லைத் தமதாக்கிக்கொண்டன. அங்கே கண்கட்டை நடத்தியவர்கள் விளக்குக்காரர்களும் நிழற்படக்காரர்களும். நடிகை நார்மா ஷீரர் கதை தெளிவான சான்று. 'தி டைவர்சி' படத்தின் நாயகி வேடத்துக்கு அவர் சரிப்பட மாட்டார் என்று, எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் தயாரிப்புத் தலைவரான அவருடைய கணவர் இர்விங் தால்பர்க்கே நினைத்தார். 1929-இல் ஷீரர் ஜார்ஜ் ஹரெல் என்ற இளம் நிழற்படக்காரரிடம் போய்ப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படங்களைப் பார்த்ததும் தால்பர்க் மனம் மாறினார். வேடம் கிடைத்தது, அதற்கே ஷீரர் ஆஸ்கரும் வாங்கினார். ஹரெலை எம்.ஜி.எம். வேலைக்கு எடுத்துக்கொண்டது.

அந்தக் காலத்து முக ஒளியமைப்பில் பேர்போனது 'வண்ணத்துப்பூச்சி' முறை. நடிகை மார்லின் டீட்ரிக்கை பாரமவுண்ட் ஸ்டுடியோ இப்படியே காட்டியதால் 'பாரமவுண்ட் லைட்டிங்' என்றும் பெயர். முதன்மை விளக்கை முகத்துக்கு நேர் முன்னே, காமிராவுக்கு மேலே தூக்கி, ஏறக்குறைய 45 பாகை சாய்வில் கீழ்நோக்கித் திருப்புவார்கள். மூக்கின் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் சிறு நிழல் விழும்; கன்னக் குழி இருண்டு, கன்ன எலும்பு எடுப்பாகத் தெரியும். அந்த நிழல் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவிலேயே நிற்க வேண்டும். விளக்கு கூடுதலாக உயர்ந்தால் நிழல் உதட்டைத் தொடும், கண்கள் குழிக்குள் போய்விடும். தாழ்ந்தால் கன்னத்து நிழல் கரைந்து முகம் தட்டையாகும். நடிகை தலையைச் சற்றுத் திருப்பினாலே எல்லாம் குலையும். அகன்ற முகத்துக்கு இந்த முறை ஒத்துவராது. விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்தியாக வேண்டும். பின்னாலிருந்து இன்னொரு விளக்கு முடியின் ஓரத்தில் ஒளிக்கோடு போடும். கறுப்பு வெள்ளையில் அந்தக் கோடு இல்லாவிட்டால் கருங்கூந்தல் இருண்ட பின்னணியோடு ஒட்டிப்போகும்.

மீதி வேலை நெகட்டிவில், அதாவது ஒளியும் இருளும் இடம்மாறிப் பதியும் படத்தகட்டில், நடந்தது. ஹரெல் பயன்படுத்திய நெகட்டிவ் 8-க்கு 10 அங்குலம். கூர்சீவிய பென்சிலால் அதன்மேலேயே வேலை செய்யலாம். முகச் சுருக்கம் நெகட்டிவில் தெளிந்த கோடாக இருக்கும். அதன்மேல் பென்சில் கரியை ஏற்றினால் ஒளி தடைபட்டு, அச்சில் சுருக்கம் வெளுத்துவிடும். வேண்டாத பளபளப்பைக் குறைக்கக் கத்தி முனையால் சுரண்டுவார்கள். நடிகை ஜோன் கிராஃபோர்டின் முகமெங்கும் இருந்த செம்புள்ளிகள் பென்சில் வேலையால்தான் மறைந்தன. கை அளவு மீறினால் மயிர்த்துளைகள் அழிந்து, தோல் மெழுகுபோல் ஆகிவிடும். நல்ல கைகாரர் தோலின் இழையை விட்டுவைப்பார்.

ஓடும் படச்சுருளின் சிறு கட்டத்தில் பென்சில் வேலை நடக்காது. அங்கே விளக்கும் ஒப்பனையும் லென்சுக்கு முன்னே வைக்கும் மெல்லிய வலைத்துணியும்தான் கதி. பம்பாயில் பிறந்த நடிகை மெர்ல் ஓபரான் கார் விபத்தில் பட்ட முகத் தழும்பை மறைக்க, ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட் லென்சுக்கு மிக அருகே ஒரு சிறு விளக்கைப் பொருத்தினார். நேர் முன்னேயிருந்து ஒளி விழுந்தால் தழும்புக்கு நிழல் இராது. நிழல் இல்லாத தழும்பு கண்ணில் படாது. 'ஓபி' என்ற பெயரில் அது இன்றும் புழங்குகிறது.

இந்தக் கலை தமிழ்ப் படத்துக்கும் வந்தது. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் 'மீரா'வை (1945) இயக்கியபோது, எம்.எஸ். சுப்புலட்சுமியின் மார்பளவுச் சிலையைச் செய்யவைத்து, ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியோடு அதன்மேல் விளக்குகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். எந்தக் கோணம் அந்த முகத்துக்குப் பொருந்தும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டார். அது முழுக்க முழுக்கக் கிளாமர் வேலை. ஆனால் "மீராவில் எம்.எஸ். கவர்ச்சி" என்று எழுதிப் பாருங்கள், பொருள் எங்கோ போய்விடும்.

'கவர்' என்ற வினைக்குப் பற்றிக்கொள்ளுதல், ஈர்த்தல் என்று நல்ல பொருள் உண்டு. ஆனால் சினிமாச் செய்திகளில் 'கவர்ச்சி காட்டினார்' என்றால் உடை குறைந்தது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். 'மொராக்கோ' (1930) படத்தில் ஆண்கள் அணியும் கோட்டும் உயரத் தொப்பியுமாக டீட்ரிக் வருகிறார். கழுத்து முதல் கால் வரை மூடிய அந்த உடைதான் கிளாமரின் உச்சம். 'அழகு', 'எழில்' இரண்டும் இயல்பாக அமைந்ததையும் சொல்லும் என்பதால் இங்கே போதா.

ஆகவே, ஆளைப் பற்றிச் சொல்லும்போது 'வசீகரம்' என்பதே என் தேர்வு. வடமொழியில் அதன் பொருள் வசப்படுத்துவது; மந்திரத்தால் வசப்படுத்தும் செயலுக்கு அங்கே 'வசீகரணம்' என்று பெயர். பழைய ஸ்காட்லாந்துப் பொருளோடு ஒட்டி நிற்கிறது. ஸ்டுடியோ உண்டாக்கிய தோற்றத்துக்கு 'மாயப்பொலிவு'. பேச்சு நடையில் 'சொக்குப்பொடி' போதும்: "டீட்ரிக் திரையில் வந்தாலே சொக்குப்பொடி தூவியது போலத்தான்."