வெந்நீரால் குளிரும் கணினிகள்

ஜெர்மனியில் மியூனிக் நகரை அடுத்துள்ள கார்ஹிங்கில் லைப்னிட்ஸ் மீக்கணினி (சூப்பர் கம்ப்யூட்டர்) மையம் அமைந்துள்ளது. 2012-இல் அங்கே நிறுவப்பட்ட சூப்பர்மக் என்னும் மீக்கணினி, அவ்வாண்டு ஜூன் மாதம் வெளியான உலகத் தரவரிசைப் பட்டியலில் நான்காம் இடத்தையும் ஐரோப்பாவில் முதலிடத்தையும் பெற்றது. அதன் வேகத்தை அதற்குப் பின் வந்த கணினிகள் எப்போதோ மிஞ்சிவிட்டன. ஆனால் அது குளிர்விக்கப்பட்ட முறையை, ஏராளமான கணினிகளை ஓரிடத்தில் வைத்து இயக்கும் தரவு மையங்களைக் கட்டுவோர் இன்றைக்கும் கூர்ந்து படிக்க வேண்டும். அதன் செயலிகளை, அதாவது கணக்கிடும் ப்ராசஸர்களை, தொட்டு ஓடிய நீர் 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கலாம் என்ற கணக்கில்தான் அந்த அமைப்பே வடிவமைக்கப்பட்டது. காற்றால் குளிரும் இணையான கணினியைவிட இது 40 சதவீதம் குறைவான மின்சாரத்தில் இயங்கும் என்று அதை உருவாக்கிய ஐபிஎம் நிறுவனம் அப்போது அறிவித்தது.

சூடான நீரால் ஒரு பொருளைக் குளிர்விக்க முடியுமா என்ற ஐயம் இயல்பானது. செயலியின் சில்லு நாம் நினைப்பதைவிட அதிக வெப்பத்தைத் தாங்கும். உட்புறம் 80 டிகிரியை ஒட்டி இருந்தாலும் அது பழுதின்றி வேலை செய்யும். 80 டிகிரியில் இருக்கும் பொருளுக்கு 45 டிகிரி நீர் குளிர்ந்த நீரே. சில்லின் வெப்பம் தாமதமின்றி நீரைச் சென்றடைய வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

அந்த நிபந்தனையைக் காற்று நிறைவேற்றாது. ஒரு கனமீட்டர் காற்றின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 1.2 கிலோஜூல் போதும்; அதே அளவு நீருக்கு 4,180 கிலோஜூல் தேவை. அதாவது, கன அளவுக்குக் கன அளவு ஒப்பிட்டால், நீர் 3,000 மடங்குக்கும் மேற்பட்ட வெப்பத்தைச் சுமந்து செல்கிறது. காய்ச்சிய பால் பாத்திரத்தை விசிறியின் கீழ் வைப்பதைவிடத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைத்தால் விரைவில் ஆறுவதை எல்லோரும் அறிவோம். சர்வர் கணினிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திய சட்டத்தை அடுக்கு (ரேக்) என்பார்கள். 100 கிலோவாட் வெப்பம் தரும் ஓர் அடுக்கை, பத்து டிகிரி வெப்பநிலை உயர்வுக்குள் காற்றால் குளிர்விக்க வேண்டுமானால், நொடிக்கு எட்டுக் கனமீட்டருக்கும் அதிகமான காற்று அதனூடே பாய வேண்டும். நீராக இருந்தால் நொடிக்கு இரண்டரை லிட்டருக்கும் குறைவாகவே போதும். விசிறியின் வேகத்தை இரு மடங்காக்கினால் அது இழுக்கும் மின்சாரம் எட்டு மடங்காகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், காற்றின் எல்லை எங்கே முடிகிறது என்பது புரியும்.

அந்த எல்லையைச் செயற்கை நுண்ணறிவுக்கான சில்லுகள் இப்போது கடந்துகொண்டிருக்கின்றன. இத்தகைய சில்லுகளை வடிவமைக்கும் என்விடியா நிறுவனத்தின் ஏ100 சில்லு 2020-இல் 400 வாட் வரை மின்சாரம் எடுத்தது. 2022-இல் வந்த எச்100, 700 வாட். அடுத்த தலைமுறையான பி200, 1,000 வாட். உள்ளே செல்லும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியே வருகிறது. இத்தகைய 72 சில்லுகளை ஒரே அடுக்கில் கோத்த அமைப்பு ஏறத்தாழ 120 கிலோவாட் எடுப்பதால், அது தொடக்கத்திலிருந்தே திரவக் குளிர்விப்புடன்தான் விற்பனைக்கு வந்தது.

வெப்பம் வெளியேறும் பாதையைச் சில்லிலிருந்து பின்தொடர்வோம். சில்லின் மேல் மெல்லிய வெப்பப் பசை பூசப்பட்டு, அதன்மேல் செம்பாலான குளிர்தட்டு அழுத்திப் பொருத்தப்படுகிறது. தட்டின் உள்ளே மயிரிழை போன்ற நுண்ணிய வாய்க்கால்கள் நெருக்கமாக வெட்டப்பட்டிருக்கும்; நீர் தொடும் பரப்பு இதனால் பலமடங்கு பெருகுகிறது. தட்டுகளிலிருந்து திரும்பும் சூடான நீர், அடுக்கின் ஓரத்திலோ வரிசையின் முனையிலோ உள்ள பகிர்வுப் பெட்டிக்கு வருகிறது. அங்கே ஒரு வெப்பமாற்றி, இந்த நீரின் வெப்பத்தைக் கட்டடத்தின் தனிக் குழாய்ச் சுற்றில் ஓடும் வேறு நீருக்குக் கைமாற்றுகிறது. இரண்டு நீரும் ஒருபோதும் கலப்பதில்லை. சில்லுகளைத் தொடும் நீர் அரிப்பையும் கிருமி வளர்ச்சியையும் தடுக்கும் வேதிப்பொருள்கள் கலந்த தூய நீர். மயிரிழை வாய்க்கால்களில் சிறு துகள் அடைத்தாலும் சில்லு சூடேறிவிடும் என்பதால், வெளிச்சுற்றின் அழுக்கு அதை அணுகாமல் காப்பது இன்றியமையாதது.

வெளிச்சுற்றில்தான் வெந்நீரின் பெரும் பயன் தெரிகிறது. காற்றால் குளிரும் மையங்களில் சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் பரிந்துரை. வெளியே 35 டிகிரி வெயில் அடிக்கும்போது 25 டிகிரி காற்றைத் தர வேண்டுமானால், கம்ப்ரஸர் பொருத்திய குளிர்விப்பு எந்திரம் இயங்கியே ஆக வேண்டும். தரவு மையத்தில் கணக்கீட்டுக்கு அடுத்தபடியாக மின்சாரத்தை விழுங்குவது இதுவே. நீரோ 50 டிகிரியில் திரும்பி வருகிறது. 35 டிகிரி வெளிக்காற்று அதைவிடக் குளிர்ச்சியானது. எனவே ஒரு பம்பும் மொட்டை மாடியில் விசிறி வைத்த சுருள்குழாயும் இருந்தால் வெப்பம் தானாகவே வெளியேறிவிடும். கம்ப்ரஸருக்கு அங்கே வேலை இல்லை. நீர்க் குளிர்விப்பை ஏற்றுக்கொண்ட பின்னும் பழைய பழக்கத்தில் 15 டிகிரி நீரை அனுப்பும் மையம் இந்தச் சேமிப்பின் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. அத்துடன் குழாய்களின் வெளிப்புறத்தில் ஈரம் படியும் இடரையும் வலிந்து வரவழைத்துக்கொள்கிறது.

தண்ணீர்ப் பஞ்சத்தை நேரில் கண்ட நமக்கு இங்கே ஒரு கேள்வி எழுவது நியாயமே. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் தரவு மையங்கள் பெருகிவரும் சென்னை, 2019 கோடையில் பூண்டியும் செம்பரம்பாக்கமும் வறண்டு கிடந்ததைப் பார்த்த நகரம். கணினிக்குத் தண்ணீரா என்று அங்கே கேட்கத்தான் கேட்பார்கள். ஆனால் சில்லுகளைக் குளிர்விக்கும் நீர் மூடிய சுற்றில் மீண்டும் மீண்டும் ஓடுவது. ஒருமுறை நிரப்பினால் இழப்பு மிகக் குறைவு. தண்ணீரை உண்மையில் குடிப்பவை நீரை ஆவியாக்கி வெப்பத்தை விரட்டும் குளிர்கோபுரங்கள். அவை காற்றால் குளிரும் மையங்களிலும் பரவலாக உள்ளன. ஒரு மெகாவாட் வெப்பத்தை முழுக்க ஆவியாதலால் மட்டுமே வெளியேற்றினால், நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 36,000 லிட்டர் நீர் வானில் கலக்கும். திரும்பிவரும் நீர் 50 டிகிரியைத் தாண்டினால், சித்திரை வெயிலிலும் உலர்ந்த சுருள்குழாய்களே போதுமானவையாக இருக்கும், கோபுரம் தேவைப்படாது. முறையாக வடிவமைத்தால், நீர்க் குளிர்விப்பு நகரத்தின் நீரைச் சேமிக்கும் என்பதே என் உறுதியான கருத்து.

இந்த நுட்பம் புதியதன்று. ஐபிஎம்மின் பெருங்கணினிகள் 1960களிலேயே நீரால் குளிர்விக்கப்பட்டன. 1990களில் சிமாஸ் வகைச் சில்லுகள் மின்தேவையை வெகுவாகக் குறைத்ததால் காற்றே போதும் என்றாகி, குழாய்கள் விடைபெற்றன. அந்த இடைவெளியில் வளர்ந்த தலைமுறைப் பொறியாளர்களிடம் கசிவு குறித்த அச்சம் ஆழமாக வேரூன்றியது. அது வெறும் மனப்பிரமை அல்ல. இணைப்பு ஒன்று தளர்ந்தால் விலையுயர்ந்த பலகைகள் பாழாகும். ஆயினும் கழற்றும்போதே இருபுறமும் தானாக அடைத்துக்கொள்ளும் இணைப்பான்களும், ஈரத்தை உணர்ந்து வால்வை மூடும் உணரிகளும் இன்று உள்ளன. சுற்றின் அழுத்தத்தை வளிமண்டல அழுத்தத்துக்குக் கீழே வைக்கும் அமைப்புகளில், துளை விழுந்தால் நீர் வெளியே கசியாது. காற்றுதான் உள்ளே இழுபடும்.

இன்னொரு தடை அளவுகோலில் ஒளிந்திருக்கிறது. ஒரு மையத்தின் மொத்த மின்சாரத்தைக் கணினிகள் எடுக்கும் மின்சாரத்தால் வகுத்துக் கிடைக்கும் பியுஇ என்ற எண்ணைக் கொண்டே தரவு மையங்கள் மதிப்பிடப்படுகின்றன. சர்வருக்குள் இருக்கும் விசிறிகள் இந்தக் கணக்கில் கணினியின் பகுதியாகவே எண்ணப்படுகின்றன. கணினிகள் 100 அலகும், அதில் விசிறிகள் மட்டும் 10 அலகும், கட்டடக் குளிர்விப்பு 30 அலகும் எடுப்பதாகக் கொள்வோம், பியுஇ 1.30 ஆகும். நீர்க் குளிர்விப்பால் விசிறிகளை நீக்கி, மற்றதை மாற்றாமல் விட்டால் மொத்தச் செலவு 130-இலிருந்து 120 அலகாகக் குறையும்; பியுஇ-யோ 1.33 ஆக உயரும்! உண்மையில் சேமித்தவர் காகிதத்தில் பின்தங்குகிறார். நீர்க் குளிர்விப்பை ஊக்குவிக்க விரும்பும் அரசுகள் இந்த ஒற்றை எண்ணை மட்டும் நம்பக் கூடாது.

ஜெர்மனி 2023-இல் இயற்றிய ஆற்றல் திறன் சட்டம் பியுஇ-யுடன் வேறொன்றையும் கேட்டது. 2026 ஜூலை முதல் தொடங்கும் புதிய தரவு மையங்கள் பியுஇ-யை 1.2-க்குள் வைப்பதோடு, தம் ஆற்றலில் குறைந்தது 10 சதவீதத்தையாவது மறுபயன்பாட்டுக்குரியதாக்க வேண்டும் என்றும், அடுத்தடுத்த ஆண்டுகளில் அது 15, 20 சதவீதமாக உயரும் என்றும் அது வகுத்தது. காற்றால் குளிரும் மையத்தின் கழிவு வெப்பம் பெரும்பாலும் வெதுவெதுப்பான காற்றாகவே கிடைப்பதால் அதைப் பயன்படுத்துவது கடினம். 50 டிகிரி நீரை நேரடியாகவே பயன்படுத்தலாம். சூப்பர்மக்கின் வெப்பம் குளிர்காலத்தில் மையத்தின் கட்டடங்களைச் சூடாக்கியது. பின்னர் அதே வளாகத்தில், வெந்நீரைக் கொண்டே குளிர்நீரை உண்டாக்கும் பரப்புகவர் குளிர்விப்பான்களும் நிறுவப்பட்டன. அறையைச் சூடாக்கும் தேவையில்லாத வெப்ப நாடுகளுக்கு இந்த இரண்டாவது வழியே பொருந்தும்.

பழைய கட்டடத்தில் குழாய் இழுப்பது செலவு மிக்க வேலை. அங்கே அடுக்கின் பின்கதவில் நீர்ச்சுருளைப் பொருத்தி வெளியேறும் காற்றை அங்கேயே குளிர்விப்பது நல்ல இடைக்கால ஏற்பாடு. புதிதாகக் கட்டுவோர் முதல் ஆண்டில் காற்றையே நம்பினாலும், தரையின் தாங்குதிறனையும் குழாய்ப் பாதைகளையும் மொட்டை மாடியில் சுருள்குழாய்களுக்கான இடத்தையும் வரைபடத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும். கட்டடம் பல பத்தாண்டுகள் நிற்கும். அதற்குள் வரும் சர்வர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும்.