பூட் லூப்: தமிழில் ‘தொடக்க மடக்கு’

“கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை” என்று ஒருவர் சொன்னால் அதை இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளலாம். சுவிட்சைப் போட்டும் ஒன்றுமே நடக்கவில்லை என்பது ஒன்று. ஏதோ நடக்கிறது, பாதியில் அணைகிறது, தானே மறுபடி முதலிலிருந்து வருகிறது, அப்புறம் அதே இடத்தில் அணைகிறது என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் பூட் லூப் என்கிறோம். இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று தேடினால், அந்த ‘பூட்’ எங்கிருந்து வந்தது என்பதில்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

அது காலில் போடும் பூட்ஸ்தான். ஆங்கிலப் பன்மையை நாம் ஒருமையாக்கி “ஒரு பூட்ஸ்” என்று சொல்லிப் பழகிவிட்டதால், கணினியின் ‘பூட்’டுக்கும் அதற்கும் உறவு இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. உயரமான பூட்ஸை இழுத்து மாட்டுவதற்கு அதன் மேல்விளிம்பில் ஒரு வாரை வளையமாகத் தைத்திருப்பார்கள். அதன் பெயர் பூட்ஸ்ட்ராப். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், தன் பூட்ஸ் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்றால் நடக்காத காரியம் என்று பொருள். கிண்டலாகச் சொன்னது. பிற்காலத்தில் அந்தக் கிண்டல் உதிர்ந்துபோய், பிறர் தயவில்லாமல் சொந்த முயற்சியில் மேலே வருவது என்ற பொருள் ஏறிக்கொண்டது.

கணினிக்காரர்களுக்கு இந்தச் சொல் பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. ஒரு நிரல் ஓட வேண்டுமென்றால் அது நினைவகத்துக்குள் இருக்க வேண்டும். அதை நினைவகத்தில் கொண்டுவந்து வைக்க இன்னொரு நிரல் வேண்டும். சுவிட்ச் போட்ட கணத்தில் நினைவகமோ காலி. அப்படியானால் முதல் நிரலை யார் கொண்டுவந்து வைப்பது? 1952இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 701 கணினியில் இதற்கென்றே ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் துளையட்டையிலிருந்தோ நாடாவிலிருந்தோ உருளையிலிருந்தோ முதல் சொல்லை, அதாவது 36 பிட்டை மட்டும், இயந்திரம் படித்துக்கொள்ளும். அதற்குள் இருக்கும் கட்டளைகள் அடுத்ததைப் படிக்கும். அது இன்னும் கொஞ்சத்தை இழுத்து வரும். தன் வாரைத் தானே பிடித்து எழுகிற வித்தை. 1975இல் வந்த ஆல்டேர் 8800இல் அந்த வசதியும் கிடையாது. முகப்பில் வரிசையாக இருக்கும் சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டி, தொடக்க நிரலை ஒவ்வொரு பைட்டாக மனிதர்தான் ஊட்ட வேண்டும். ஒரு சுவிட்ச் தவறினால் மறுபடி முதலிலிருந்து. பூட் லூப்பில் கணினிக்குப் பதில் ஆளே மாட்டிக்கொண்ட காலம் அது!

பூட்ஸ்ட்ராப் தேய்ந்து பூட் ஆனது. சரி, தமிழுக்கு வருவோம்.

பூட் என்பதற்குத் ‘தொடக்கம்’, ரீபூட் என்பதற்கு ‘மறுதொடக்கம்’ என்று இன்று பரவலாக எழுதுகிறோம். எனக்கு இதில் குறை ஒன்றுதான்: எல்லாத் தொடக்கத்துக்கும் இதே சொல். ஒரு ஆப்பைத் திறப்பதும் தொடக்கம், கணினி எழுந்து வருவதும் தொடக்கம். ஆனாலும் தமிழிலக்கணம் இங்கே ஒரு நுட்பத்தைக் கையில் கொடுக்கிறது. அடங்கு–அடக்கு, முடங்கு–முடக்கு, இயங்கு–இயக்கு என்ற வரிசையில் தொடங்கு–தொடக்கு. தானே நிகழ்வது ‘தொடங்கு’, பிறிதொன்றை நிகழச் செய்வது ‘தொடக்கு’. நாம் பொத்தானை அழுத்திக் கணினியைத் தொடக்குகிறோம், அது தொடங்குகிறது. பூட் லூப்பில் நாம் தொடக்கியது ஒரே ஒரு முறை. மற்றதெல்லாம் அதுவாகத் தொடங்கிக்கொள்வது.

பூட்ஸ்ட்ராப் என்ற முழுச்சொல்லுக்கு ‘தன்னேற்றம்’ என்று வைக்கலாம் என்பது என் கட்சி. ஏறுவதும் ஏற்றம், சுமையை ஏற்றுவதும் ஏற்றம். தன்னைத் தானே நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு மேலே ஏறி வருவதை இரண்டு பொருளிலும் அது தாங்கும். வண்டி பூட்டு, ஏர் பூட்டு என்று நாம் சொல்கிற ‘பூட்டு’ம் வேலையைத் தொடங்கத் தயாராவதுதானே, பூட் அதிலிருந்து வந்திருக்குமோ என்று கேட்பவர்கள் உண்டு. ஒலி ஒற்றுமை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வேர் வேறு. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன காலணிச் சொல் அது.

அடுத்து லூப். வளையம், சுழல், கண்ணி, மடக்கு என்று நான்கு சொற்கள் புழங்குகின்றன. என் ஓட்டு மடக்குக்கு. செய்யுளில் மடக்கு அணி என்று ஒன்று இருப்பது நினைவிருக்கும். வந்த சொல்லோ சொற்றொடரோ மறுபடி மறுபடி வரும். வரும்போதெல்லாம் வேறு பொருள் தரும். தொடக்க மடக்கும் அதே மாதிரிதான். திரையில் தெரிவது ஒரே காட்சி, கருப்பாகி மறுபடி சின்னம் வருவது. பொருள் மட்டும் கணினிக்குக் கணினி வேறு. அந்தப் பொருளைப் பிரித்துச் சொல்ல உதவுவது, தன்னேற்றத்தின் எந்தப் படியில் மடங்குகிறது என்பது.

முதல் படி மின்சாரம். மேசைக் கணினியில் எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கி, தன் மின்னழுத்தங்கள் நிலைபெற்ற பிறகு “மின்சாரம் சீர்” என்று தாய்ப்பலகைக்கு ஒரு குறிப்பு அனுப்பும். அது வரும்வரை செயலி, அதாவது பிராசஸர், கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். வந்த குறிப்பு இடையில் விழுந்தாலும் எல்லாம் பழையபடி ஆரம்பத்துக்குப் போகும். ஆகவே தயாரிப்பாளரின் சின்னம்கூட வராமல், இரண்டு மூன்று நொடிக்குள் விசிறி சுற்றி நின்று மறுபடி சுற்றினால், விண்டோஸைத் திட்டுவதில் பயனில்லை. அது இன்னும் மேடைக்கே வரவில்லை. மின்வழங்கி, ரேம், சரியாக அமராத கம்பி, உள்ளே அழுந்திச் சிக்கிய பவர் பொத்தான், இவைதான் சந்தேகத்துக்கு உரியவை. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தைப் போக்கி, ரேமைக் கழற்றி அழுத்தமாக மாட்டிப் பார்க்கலாம். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். என் பழைய கணினி ஒன்று இரண்டு நாள் இப்படி ஆட்டம் காட்டிவிட்டு, கடைசியில் ரேமைக் கழற்றி மாட்டியதும் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து வந்தது. மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

சின்னம் வருகிறது, அதன்பின் மடங்குகிறது என்றால், விண்டோஸுக்கு முன்பே இயங்கி வன்பொருளைத் தயார்செய்யும் பயாஸ் என்ற நிரலின் அமைப்புத் திரைக்குள் நுழைந்து கால் மணி நேரம் சும்மா விட்டுப் பாருங்கள். அங்கேயும் அணைந்தால் வன்பொருள்தான். பெரும்பாலும் சூடு அல்லது மின்சாரம். செயலியின் வெப்பநிலையை அந்தத் திரையே பெரும்பாலும் காட்டும். அங்கே அசையாமல் நின்று, விண்டோஸ் ஏறும்போது மட்டும் மடங்கினால், பார்வை வட்டுக்கும், வன்பொருளை இயக்கும் மென்பொருள்களான இயக்கிகளுக்கும் (டிரைவர்), அண்மையில் நிறுவிய புதுப்பிப்புக்கும் திரும்பலாம். இது முழு உறுதி தராது. அமைப்புத் திரையில் கணினிக்கு வேலை குறைவு. நோஞ்சான் மின்வழங்கியும் அங்கே தாக்குப்பிடித்துவிடும்.

விண்டோஸில் மடங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பலருக்கு அது தெரிவதில்லை. விண்டோஸ் நிலைகுலைந்து நீலத்திரைப் பிழை (விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் கருப்புத் திரை) வந்தால் தானே மறுதொடங்கிக்கொள் என்று அதற்கு ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறார்கள். பிழை என்னவென்று நாம் படிப்பதற்குள் திரை பறந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தை நிறுத்தினால் மடக்கு அறுந்து, பிழையின் பெயர் திரையில் நிற்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தொடக்கம் அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை முறிந்தால் மீட்புத் திரை வரும். வராவிட்டால், சின்னம் தெரிந்தவுடன் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதை மூன்று முறை செய்து வரவழைக்கலாம். அதில் பிழைத்திருத்தம், மேம்பட்ட விருப்பங்கள், தொடக்க அமைப்புகள் என்று போய் மறுதொடங்கினால் எண்ணிட்ட பட்டியல் ஒன்று கிடைக்கும். 9 என்பது தானியங்கி மறுதொடக்கத்தை நிறுத்துவது. 4 என்பது பாதுகாப்பு முறை (சேஃப் மோட்), அத்தியாவசியமானவற்றை மட்டும் ஏற்றித் தொடங்குவது. அதில் நிலையாக நின்றால் பழி பெரும்பாலும் ஏதாவது ஒரு இயக்கியின் மீதோ பின்னர் நிறுவிய மென்பொருளின் மீதோதான். விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் வட்டு பூட்டப்பட்டிருந்தால் வழியில் 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்கும். பூட்டும் பூட்டும் சந்திக்கிற இடம் அது ஒன்றுதான்.

‘மறுதொடக்க’த்தைப் பற்றி இன்னும் ஒன்று. அணைத்துவிட்டுப் போடுவதுதான் முழுமையானது, மறுதொடக்கம் அதில் பாதி என்று நினைக்கிறோம். விண்டோஸ் 8 முதல் ‘வேகத் தொடக்கம்’ இயங்கும் கணினிகளில் நிலைமை தலைகீழ். ‘அணை’ என்றால் இயக்க அமைப்பின் கருவை வட்டில் எழுதிவைத்துவிட்டு, அடுத்த முறை அதையே எடுத்துப் போட்டுக்கொள்ளும். ‘மறுதொடங்கு’ என்றால்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும். கெட்டுப்போன ஓர் இயக்கியின் நிலை, நீங்கள் பத்து முறை அணைத்துப் போட்டாலும் அப்படியே தொடர்ந்து வந்துகொண்டிருக்கலாம்.

பழுதுபார்ப்பவரிடம் போகும்போது “பூட் ஆகலை” என்பதோடு நிறுத்தாமல், “சின்னம் வந்து, புள்ளிகள் சுற்ற ஆரம்பித்து, ஏழெட்டு நொடியில் மடங்குகிறது” என்று சொல்லிப் பாருங்கள். அவர் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பாதிச் சந்தேகங்கள் கழிந்திருக்கும்.