தேர்தல் விளம்பரம்: தோட்டத்தில் எது கூடும், எது கூடாது?

வேட்புமனு ஏற்கத் தொடங்கும் நாளிலிருந்து வாக்கெடுப்புக்கு மறுநாள் வரை, வேட்பாளரின் படம், சின்னம், சுவரொட்டி, கொடி, பதாகை எதையும் வீதியிலோ பொதுமக்கள் வந்துபோகும் இடத்திலோ வைக்கக் கூடாது. இலங்கையின் 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நாடாளுமன்றத் தேர்தல்கள் சட்டம் இதைச் சொல்கிறது. மற்றத் தேர்தல்களுக்கும் இதே போன்ற விதிகள் உண்டு. கம்பெனியின் தேயிலைத் தோட்டம் என்பதால் விலக்குக் கிடையாது. கொழுந்து நிறுக்கும் மடுவம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சந்தி, ஹட்டன் பஸ் தரிப்பிடம் எல்லாமே பொதுமக்கள் வந்துபோகும் இடங்கள்தான். கூட்டம் நடக்கும் இடத்தில் அந்த ஒரு நாளைக்கு மட்டும் வைக்கலாம். வாகனமென்றால் வேட்பாளர் பயணம் செய்யும் வாகனத்தில் மட்டும். ஆதரவாளரின் முச்சக்கர வண்டியில் ஸ்டிக்கர் ஒட்டினால் அது தவறு.

துண்டுப்பிரசுரம் அடிப்பவர்கள் அச்சகத்தின் பெயர், முகவரியோடு வெளியிடுபவரின் பெயர், முகவரியையும் தாளிலேயே போட வேண்டும். அவசரத்தில் அச்சகத்தார் விட்டுவிடுவது உண்டு. அச்சேற்றும் முன் மாதிரித் தாளை வாங்கிப் பாருங்கள். கோயில் திருவிழாக் கூட்டத்தில் துண்டுப்பிரசுரத்தைப் பகிர்ந்தால் அது தகாத செல்வாக்கு என்ற பெருங்குற்றமாகிவிடும்.

வாக்கெடுப்புக்கு முந்திய 48 மணி நேரம் அமைதிக் காலம். 2024 நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலுக்கு, 11ஆம் திகதி நள்ளிரவோடு பிரசாரம் முடிந்தது. பணம் கட்டி ஓடவிட்ட முகநூல் விளம்பரம் தானாக நின்றுவிடாது. முடியும் திகதியை முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது செலவுக் கணக்கில்தான். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் வரவு செலவு அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த நாடாளுமன்றத் தேர்தலுக்குக் கடைசி நாள் டிசம்பர் 6. வென்றவரும் தோற்றவரும், ஒரு சதமும் செலவழிக்காதவரும் கொடுத்தே ஆக வேண்டும். உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கான 25 சதவீத ஒதுக்கீட்டுக்காகத் தோட்டத்துப் பெண்கள் பலரைப் பட்டியலில் சேர்க்கிறார்கள். கையெழுத்து வாங்கும்போது இந்தக் கடமையைச் சொல்லாமல் விடுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். அறிக்கை போகாவிட்டால் வழக்கு அந்தப் பெண்ணின் பெயரில்தான் வரும். கட்சிச் செயலாளர் தனியாகக் கொடுக்கும் அறிக்கை அந்தப் பெண்ணைக் காப்பாற்றாது.

ஆகவே முதல் நாளிலிருந்தே ஒரு கொப்பியில் எழுதுங்கள்: யார், எப்போது, எவ்வளவு கொடுத்தார், எதற்குச் செலவானது, பற்றுச்சீட்டு எங்கே. யாராவது இலவசமாக லொறி தந்தாலும், பதாகை அடித்துத் தந்தாலும் அது நன்கொடைதான். பெறுமதி போட வேண்டும். பெயர் தெரியாதவரின் பணம், வெளிநாட்டு அரசு அல்லது கம்பெனியின் பணம், அரச கூட்டுத்தாபனத்தின் பணம் எதையும் வாங்கக் கூடாது. செலவின் உச்சவரம்பை ஒவ்வொரு தேர்தலுக்கும் தேர்தல் ஆணைக்குழு வர்த்தமானியில் அறிவிக்கும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் அது ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்ற கணக்கில் வந்தது. அறிக்கையை, தேர்தலை நடத்தும் தெரிவத்தாட்சி அலுவலரின் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியை வாங்கி வைப்பதில் கவனமாக இருங்கள்.

அரச வாகனம், அரச கட்டடம், அரச ஊழியரின் வேலை நேரம் எதையும் பிரசாரத்துக்குப் பயன்படுத்த முடியாது. அரச சொத்தை அப்படிப் பயன்படுத்துவதைத் தடுக்க அரசியலமைப்பின் 104ஆ உறுப்புரை ஆணைக்குழுவுக்கு அதிகாரம் கொடுக்கிறது.

விதிமீறலைக் கண்டால் இடம், திகதி, நேரம், வாகன இலக்கம் தெரியும்படி படமெடுங்கள். நீங்களே கிழிக்கப் போகாதீர்கள், கைகலப்பில் முடியும். அருகிலுள்ள பொலிஸிலோ மாவட்டச் செயலகத்தின் தேர்தல் முறைப்பாட்டுப் பிரிவிலோ தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். நுவரெலியா, பதுளை, கண்டி மூன்று கச்சேரிகளிலும் (மாவட்டச் செயலகங்களிலும்) தேர்தல் காலத்தில் இந்தப் பிரிவு இயங்கும். வேட்பாளர்கள் கொடுத்த கணக்கறிக்கைகளையும் பொதுமக்கள் கேட்டுப் பார்க்கலாம்.