நீரிழிவு: எது இழிகிறது?

மலேசியாவில், பந்திங் தோட்டத்து லயத்தில் என் பாட்டிக்கு இந்த நோயின் பெயர் 'இனிப்பு நீர்'. அதைக் கண்டுபிடிக்க அவரிடம் இருந்த கருவி எறும்பு. கக்கூஸ் ஓரம் எறும்பு மொய்த்தால் நோய் வந்துவிட்டது, மொய்க்காவிட்டால் வரவில்லை. பல வருஷம் இந்தக் கணக்கில்தான் நிம்மதியாக இருந்தார்.

ஏட்டில் இருக்கும் சொல் நீரிழிவு. நீர் + இழிவு. இழிவு என்றதும் அவமானம்தான் நினைவுக்கு வருகிறது. இந்தப் பெயரே பிடிக்கவில்லை என்று முகம் சுளித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பழைய தமிழில் இழிதல் என்றால் இறங்குதல், கீழே வழிதல். திருமுருகாற்றுப்படையின் கடைசி அடிகளில் அருவி 'இழிதரும்' என்று வருவது மலையிலிருந்து இறங்குவதைத்தான். ஆக, நீர் ஓயாமல் இறங்கிக்கொண்டே இருக்கும் நோய் நீரிழிவு. இதில் யாருக்கும் அவமானம் இல்லை.

'டயபெட்டிஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குள்ளும் இதே காட்சிதான். அதன் வேர் 'ஊடாகக் கடந்து போதல்'. குடித்த தண்ணீர் உடம்பில் தங்காமல் கடந்து போய்விடுகிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கப்படோசியாவைச் சேர்ந்த அரேட்டேயஸ் என்ற மருத்துவர், சதையும் கைகாலும் உருகிச் சிறுநீராக ஓடுகிற நோய் என்று இதை விவரித்தார்.

இனிப்பு தனியாக வந்து ஒட்டிக்கொண்டது. பின்னால் சேர்ந்த 'மெலிட்டஸ்' லத்தீன் சொல், தேன் கலந்தது என்று பொருள். வடமொழியில் மதுமேகம், இந்த மேகம் வானத்து மேகம் அல்ல, சிறுநீர் கழிதலைக் குறிப்பது. மலாயில் கென்சிங் மானிஸ், அதாவது இனிப்பான சிறுநீர். பாட்டியின் சொல்லும் அதுவேதான். இனிப்பே இல்லாமல் நீர் மட்டும் இழிகிற வேறொரு நோயும் உண்டு, அதற்கு வெல்லமில்லா நீரிழிவு என்று பெயர். அது அபூர்வம், விட்டுவிடலாம்.

சரி, நீர் ஏன் இழிகிறது? சிறுநீரகம் இரத்தத்தை வடிக்கும்போது குளுக்கோஸும் கூடவே இறங்குகிறது. வழக்கமாக அதை முழுக்கத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இரத்தத்தில் அளவு லிட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிமோலைத் தாண்டினால் அதனால் முடிவதில்லை. மிஞ்சிய சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியே போகிறது. அடிக்கடி போகவேண்டி வருகிறது, நாக்கு வறள்கிறது, மறுபடி தண்ணீர் குடிக்கிறோம். (தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் போனில் 'எனக்கு 180' என்றால் பதறவேண்டாம். அவர்கள் கணக்கு டெசிலிட்டருக்கு மில்லிகிராமில், அதை 18ஆல் வகுத்தால் நம் மில்லிமோல் கணக்கு.)

பெயர் நம்மை ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். பசியாறுவதற்கு முன் எடுக்கும் சோதனையில் 7.0 என்றாலே நீரிழிவுதான். ஏழுக்கும் பத்துக்கும் நடுவே சிறுநீரில் இனிப்பு இருக்காது, எறும்பும் வராது. அரசாங்க கிளினிக்கில் விரலில் குத்திப் பார்த்தபோது பாட்டிக்கு 9.4. "எறும்பே வரலையேம்மா" என்று நர்ஸிடம் வாதாடினார்.

வெளியே போகிற சர்க்கரையைவிட உள்ளேயே சுற்றுகிற சர்க்கரைதான் கெடுதல். அது புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணுவில் ஒட்டியதை அளப்பதுதான் எச்பிஏ1சி. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால் மூன்று மாதக் கணக்கு அதில் தெரிந்துவிடும். கிளினிக்குப் போவதற்கு முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்தால் அது ஏமாறாது. வருஷக்கணக்கில் இப்படியே போனால் மெல்லிய இரத்தக் குழாய்கள் கெடும். கண்ணில் விழித்திரை, சிறுநீரகத்தில் வடிகட்டும் முடிச்சுகள், கால் நரம்புகள். பெரிய குழாய்கள் அடைத்தால் மாரடைப்பு, பக்கவாதம். விழித்திரையும் சிறுநீரகமும் கெட ஆரம்பிக்கும்போது வலிக்காது. சிறுநீரில் புரதம் கசிவதைச் சோதனைதான் காட்டும்.

கால் கதை வேறு. என் பெரியப்பா செம்பனைக் காட்டில் வேலை செய்தவர். ஒருநாள் முள் பூட்ஸைத் துளைத்துப் பாதத்தில் ஏறிவிட்டது. நரம்பு கெட்டிருந்ததால் வலி தெரியாமல் மூன்று நாள் அதோடு நடந்திருக்கிறார். காலுறை ஈரமாக ஒட்டிக்கொண்டபோதுதான் பெரியம்மா பார்த்தார். கடைசியில் இரண்டு விரலை எடுக்கவேண்டியதாயிற்று. இப்போது கிளினிக்கில் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்கிறார்கள். பல இடங்களில் அவர் பேசாமல் இருக்கிறார்.

ஊர்க்காரன் என்ற முறையில் இன்னொன்று. 1921இல் டொரொண்டோவில், இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினைப் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் பெயர் பேண்டிங். ஆங்கிலத்தில் எங்கள் ஊர்ப் பெயருக்கும் அதே எழுத்துகள்தான். 'இன்சுலின்' தீவு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, கணையத்தில் தீவுகள் போலச் சிதறிக் கிடக்கும் செல்திட்டுகள் அதைச் சுரப்பதால். பந்திங்குக்குப் பக்கத்திலும் கேரித் தீவு இருக்கிறது. தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2023 தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, ஏறக்குறைய ஆறில் ஒருவர். இத்தனை பேருக்கு இருக்கும் நோயை எப்படி அழைப்பது? எழுத்தில் நீரிழிவு என்றே நான் எழுதுவேன். இனிப்பு நீர் வீட்டுப் பேச்சில் இருக்கட்டும், எறும்பை மட்டும் நம்பவேண்டாம். 'சர்க்கரை நோய்' எனக்கு உவப்பில்லை. அதைக் கேட்பவர்கள் கடைச் சீனியை மட்டும் விட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். சோறும் மாவும்கூடக் குடலில் குளுக்கோஸாக மாறும் என்பது பெயரில் இல்லை. பெரியப்பா ஒட்டுக்கடையில் உட்கார்ந்ததும், சீனியும் வேண்டாம், பாலும் வேண்டாம் என்று கறாராகத் 'தே ஓ கொசோங்' சொல்வார். அப்புறம் அதே மூச்சில், "ரொட்டி சானாய் ரெண்டு."